இடுப்பு மூட்டு ஆர்த்ரோஸ்கோப்பி: வளர்ச்சியும் அறுவையின் பலனைத் தீர்மானிக்கும் காரணிகளும்

இடுப்பு மூட்டு ஆர்த்ரோஸ்கோப்பி என்பது, தோலில் ஒரு சென்டிமீட்டர் அளவிலான சில துளைகளை மட்டும் இட்டு, அவற்றின் வழியே ஒரு நுண் கேமராவையும் மெல்லிய கருவிகளையும் செலுத்தி, இடுப்பு மூட்டின் உட்பகுதியைப் பார்த்துச் சரிசெய்யும் அறுவை முறையாகும். முழங்கால், தோள்பட்டை ஆகிய மூட்டுகளில் இம்முறை பல பத்தாண்டுகளுக்கு முன்பே வழக்கத்துக்கு வந்துவிட்டது. இடுப்பு மூட்டில் அது மிகத் தாமதமாகவே வேரூன்றியது. கடந்த இருபது ஆண்டுகளில் மட்டும் இத்துறை வேகமாக வளர்ந்துள்ளது.

தொடக்க காலத்தில் இத்துறையின் முன் நின்ற கேள்வி, "இந்த மூட்டுக்குள் எப்படி நுழைவது?" என்பதாகும். இன்று அக்கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிட்டது. அதன் இடத்தில், "யாருடைய மூட்டுக்குள் நுழைய வேண்டும்?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. ஒரே மருத்துவர் ஒரே முறையில் செய்த அறுவை ஒருவருக்கு நல்ல பலன் தருகிறது. இன்னொருவரை ஓரிரு ஆண்டுகளில் மூட்டு மாற்று அறுவைக்குக் கொண்டுசெல்கிறது. இந்த வேறுபாட்டுக்கான காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

மூட்டின் அமைப்பு

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. தொடை எலும்பின் உருண்டையான தலை பந்தாகவும், இடுப்பெலும்பில் உள்ள குழி கிண்ணமாகவும் அமைந்துள்ளன. இரண்டின் பரப்பையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் எனப்படும் நார்க்குருத்தெலும்பு வளையம் ஒன்று உண்டு. பாத்திரத்தின் மூடியில் உள்ள ரப்பர் வளையம் போல இது மூட்டை இறுக்கமாக அடைத்து, உள்ளே இருக்கும் மூட்டுத் திரவம் வெளியேறாமல் தடுக்கிறது. இதனால் மூட்டுக்குள் ஓர் உறிஞ்சு விசை நிலவுகிறது. இவை எல்லாவற்றையும் உடலின் மிக வலிமையான தசைநார்களால் ஆன மூட்டு உறை போர்த்தியுள்ளது.

உடலின் எடையைத் தாங்கி நடக்கவும் ஓடவும் துணைபுரியும் இந்த அமைப்பே அறுவை மருத்துவருக்குத் தடையாகவும் இருக்கிறது. மூட்டு தோலுக்கு வெகு ஆழத்தில் இருக்கிறது. தடித்த தசைகள் அதை மறைத்துள்ளன. பந்து கிண்ணத்துக்குள் ஆழப் பொருந்தியிருப்பதால் இடையில் கருவி நுழைய இடமில்லை. முக்கியமான நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அருகிலேயே செல்கின்றன.

வரலாறு

நியூயார்க்கைச் சேர்ந்த மைக்கேல் பர்மன், இறந்தோர் உடல்களில் பல மூட்டுகளை உள்நோக்கியால் ஆராய்ந்து 1931இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் 20 இடுப்பு மூட்டுகளும் இருந்தன. தொடை எலும்பின் கழுத்துப் பகுதியை அவரால் காண முடிந்தது. ஆனால் பந்துக்கும் கிண்ணத்துக்கும் இடையில் ஊசியைச் செலுத்துவது இயலாத செயல் என்றே அவர் கருதினார். ஜப்பானைச் சேர்ந்த கென்ஜி தகாகி, உயிருள்ள நோயாளிகளின் 4 இடுப்பு மூட்டுகளில் இம்முறையைப் பயன்படுத்தியதை 1939இல் பதிவு செய்தார்.

அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. 1970களின் பிற்பகுதியில் குழந்தைகளின் இடுப்பு நோய்களில் இதைப் பயன்படுத்திய அனுபவங்கள் வெளிவந்தன. 1980களில் அமெரிக்காவின் ஜேம்ஸ் கிளிக், நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் காலை இழுத்து மூட்டைத் திறக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். தாமஸ் பர்ட் மல்லாந்த நிலையில் செய்யும் முறையைப் பரவலாக்கினார். காலை அளவோடு இழுத்துப் பிடித்தால் பந்து கிண்ணத்திலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விலகும். அந்த இடைவெளியே கருவி நுழையப் போதுமானது. பர்மன் காணாத வழி இவ்வாறு திறந்தது.

உரசல் நோய்: ஒரு திருப்புமுனை

வழி திறந்தாலும், உள்ளே சென்று எதைச் சரிசெய்வது என்பதில் தெளிவு இல்லை. கிழிந்த லேப்ரத்தை வெட்டி நீக்குவதும், மூட்டுக்குள் மிதக்கும் எலும்புத் துணுக்குகளை எடுப்பதுமே அன்றைய வேலைகளாக இருந்தன. லேப்ரம் ஏன் கிழிகிறது என்ற கேள்விக்குச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பணியாற்றிய ரெய்ன்ஹோல்ட் கான்ஸும் அவருடைய குழுவினரும் விடை கண்டனர்.

பந்துக்கு இரத்தம் செல்லும் பாதையைக் காத்தபடியே, மூட்டைத் திறந்து பந்தை முழுமையாக வெளியே எடுக்கும் பாதுகாப்பான அறுவை முறை ஒன்றை இக்குழு உருவாக்கியது. 213 மூட்டுகளில் செய்த அறுவையில் ஒன்றில்கூடப் பந்துப் பகுதியின் எலும்பு இரத்த ஓட்டமின்றி மடியவில்லை என்று 2001இல் இக்குழு அறிவித்தது. மூட்டை நேரடியாகக் கண்ட அனுபவத்திலிருந்து, தொடை எலும்பும் கிண்ண விளிம்பும் ஒன்றோடொன்று முட்டி உரசுவதே பல இளைஞர்களின் மூட்டுத் தேய்வுக்குத் தொடக்கம் என்ற கருத்தை 2003இல் முன்வைத்தது. இதுவே இடுப்பு மூட்டு உரசல் நோய் எனப்படுகிறது.

இதில் இரண்டு வடிவக் குறைபாடுகள் உண்டு. பந்தும் கழுத்தும் சேரும் இடத்தில் எலும்பு புடைத்து, பந்து தன் உருண்டை வடிவத்தை இழப்பது கேம் வகை. கிண்ண விளிம்பு அளவுக்கு மீறி நீண்டு பந்தை மூடுவது பின்சர் வகை. பெரும்பாலான நோயாளிகளிடம் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன. எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் கால்பந்து, கூடைப்பந்து, பனி ஹாக்கி போன்ற விளையாட்டுகளில் கடும் பயிற்சி எடுப்போரிடம் கேம் வகை அதிகம் காணப்படுகிறது.

தொடை இடுக்கில் வலி, தாழ்வான இருக்கையில் நெடுநேரம் அமர்ந்தால் வலி கூடுதல், குத்தவைத்து உட்காரும்போதும் காலை உட்புறம் திருப்பும்போதும் குத்துதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வலி எங்கே என்று கேட்டால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுவோர் பலர்.

படமும் நோயும் ஒன்றல்ல

உரசல் பற்றிய அறிவு பரவியதும் அறுவைகளின் எண்ணிக்கையும் உயர்ந்தது. அப்போது ஒரு சிக்கல் வெளிப்பட்டது. இடுப்பு வலியே இல்லாத 200 பேரை எம்.ஆர்.ஐ. கருவியால் ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 14 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு பக்கத்திலாவது கேம் வடிவம் இருந்தது. வலியில்லாத 45 பேரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு 2012இல் வெளியானது. அவர்களில் 69 விழுக்காட்டினருக்கு லேப்ரம் கிழிசல் தென்பட்டது.

அதாவது படத்தில் கிழிசல் தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. முதுகுத்தண்டு, தொடை இடுக்குத் தசைகள், குடலிறக்கம், இடுப்பைச் சுற்றிய தசைநாண்கள் ஆகியவையும் இதே இடத்தில் வலியை உண்டாக்கலாம். எனவே 2016இல் பல நாட்டு வல்லுநர்கள் கூடி உருவாக்கிய வார்விக் உடன்பாடு, நோயை உறுதிப்படுத்த மூன்று கூறுகளை வகுத்தது. நோயாளி சொல்லும் அறிகுறிகள், மருத்துவர் கையால் சோதித்துக் காணும் அடையாளங்கள், படத்தில் தெரியும் வடிவ மாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே அது உரசல் நோய். ஐயம் நீடித்தால், மூட்டுக்குள் மரத்துப்போகச் செய்யும் ஊசி மருந்து செலுத்தப்படுகிறது. வலி தற்காலிகமாக நின்றால், வலியின் மூலம் மூட்டுக்குள் இருப்பது ஓரளவு உறுதியாகிறது.

அறுவை நடைபெறும் முறை

பெரும்பாலும் முழு மயக்கத்தில் இந்த அறுவை நடைபெறுகிறது. இதற்கென அமைந்த மேசையில் நோயாளியின் பாதத்தைப் பொருத்தி, கால் மெல்ல இழுக்கப்படுகிறது. சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியின் உதவியால் மூட்டு விலகியதை உறுதி செய்து, நீண்ட ஊசி ஒன்று செலுத்தப்படுகிறது. அதன் வழியே மெல்லிய கம்பியும், கம்பியைப் பற்றிக்கொண்டு குழாயும் உள்ளே செல்கின்றன. நேராக நோக்காமல் 70 பாகைச் சாய்வில் நோக்கும் கேமரா பயன்படுத்தப்படுவதால், பந்தின் வளைவைத் தாண்டியும் பார்க்க முடிகிறது. உப்புநீர்க் கரைசல் தொடர்ந்து பாய்ச்சப்பட்டு மூட்டு விரிந்த நிலையில் வைக்கப்படுகிறது.

முதலில் லேப்ரமும் கிண்ணக் குருத்தெலும்பும் கவனிக்கப்படுகின்றன. பின்னர் இழுவிசையைத் தளர்த்தி, கழுத்துப் பகுதியில் உள்ள எலும்புப் புடைப்பு சிறு சுழல் கருவியால் செதுக்கப்படுகிறது. காலை இழுத்து வைக்கும் நேரம் இரண்டு மணியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது பொதுவான நெறி.

உரசல் நோய்க்கு மட்டுமன்றி, மூட்டுக்குள் சிதறிய துணுக்குகளை அகற்றவும், சீழ் பிடித்த மூட்டைக் கழுவவும், மூட்டுச் சவ்வு நோய்களில் திசு எடுத்துச் சோதிக்கவும் இம்முறை பயன்படுகிறது.

அண்மைக்கால முன்னேற்றங்கள்

முதலாவது, லேப்ரத்தைக் காப்பாற்றுதல். முன்பு கிழிந்த பகுதி வெட்டி நீக்கப்பட்டது. இன்று கிண்ண விளிம்பில் சிறு நங்கூரங்களைப் பதித்து, அவற்றிலுள்ள நூலால் லேப்ரம் மீண்டும் தைக்கப்படுகிறது. 36 பெண்களைக் கொண்டு நடந்து 2013இல் வெளியான சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு ஒன்றில், வெட்டி நீக்கியவர்களைவிடத் தைத்தவர்களுக்கு இயக்கத்திறன் மேம்பட்டிருந்தது. தைக்க முடியாத அளவு சிதைந்திருந்தால், வேறு தசைநாணிலிருந்து எடுத்த திசுவால் புதிய வளையம் அமைக்கும் முறையும் வந்துள்ளது.

இரண்டாவது, மூட்டு உறையை மூடுதல். உள்ளே செல்ல வெட்டிய உறையை முன்பு அப்படியே விட்டுவிடுவது வழக்கம். இதனால் சிலருக்கு மூட்டு தளர்ந்து, அரிதாகப் பந்து நழுவவும் செய்தது. இப்போது பல மருத்துவர்கள் அறுவையின் முடிவில் உறையைத் தைத்து மூடுகின்றனர்.

மூன்றாவது, முன்திட்டமிடல். சி.டி. படங்களிலிருந்து மூட்டின் முப்பரிமாண உருவத்தைக் கணினியில் அமைத்து, எலும்பு எங்கே முட்டுகிறது, எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடிகிறது.

நான்காவது, கவட்டுத் தூண் இல்லாமல் இழுத்தல். காலை இழுக்கும்போது உடல் சரியாமலிருக்கக் கால்களுக்கு இடையே ஒரு தூண் வைக்கப்படும். அது அழுத்துவதால் பிறப்புறுப்புப் பகுதியில் தற்காலிக மரப்பு ஏற்படுவதுண்டு. உராய்வு மிகுந்த விரிப்பில் தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்கவைத்தால் தூண் இன்றியே இழுக்க முடியும் என்பது நிறுவப்பட்டுள்ளது.

அறுவையா, பயிற்சியா?

புதிய முறை வேகமாகப் பரவும்போது, அது உண்மையில் பயன் தருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. பிரிட்டனின் 23 மருத்துவமனைகளில் 348 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு அறுவையும், மற்றவர்களுக்குத் தனிப்பட்ட முறையில் வகுத்த இயன்முறைப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. இடுப்பு சார்ந்த வாழ்க்கைத் தரத்தை 100 மதிப்பெண்ணுக்கு அளந்தபோது, 12 மாதங்களில் அறுவைப் பிரிவின் சராசரி 58.8 ஆகவும் பயிற்சிப் பிரிவின் சராசரி 49.7 ஆகவும் இருந்தன. தொடக்க நிலை வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பின் எஞ்சிய இடைவெளி 6.8 மதிப்பெண். நோயாளி உணரக்கூடிய குறைந்தபட்ச மாற்றம் 6.1 என அவ்வாய்வில் கொள்ளப்பட்டது.

2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான, 222 பேரைக் கொண்ட ஆய்வும் எட்டாவது மாத முடிவில் அறுவைக்குச் சாதகமாகவே அமைந்தது. குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டோர் அறுவைப் பிரிவில் 51 விழுக்காடு. பயிற்சிப் பிரிவில் 32 விழுக்காடு. இதற்கு மாறாக, அமெரிக்கப் படைத்துறையைச் சார்ந்த 80 பேரைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளின் முடிவில் இரு பிரிவுகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அங்கே பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இடையில் அறுவைக்கு மாறிவிட்டதால், அந்த முடிவைப் பொருள்கொள்வது கடினம்.

இவற்றிலிருந்து மூன்று உண்மைகள் புலப்படுகின்றன. சராசரியாகப் பார்த்தால் அறுவை கூடுதல் பலன் தருகிறது. அந்தக் கூடுதல் மிகப் பெரியதன்று. மேலும், சராசரி என்பதற்குள் நன்கு குணமானவர்களும் பலனே காணாதவர்களும் ஒருங்கே இருக்கின்றனர். இந்த இரு சாராரையும் முன்கூட்டியே பிரித்தறிய உதவுபவையே கீழ்க்காணும் காரணிகள்.

பலனைத் தீர்மானிக்கும் காரணிகள்

குருத்தெலும்பின் நிலை: எல்லாவற்றிலும் முதன்மையானது இதுவே. ஆர்த்ரோஸ்கோப்பி எலும்பின் வடிவத்தைச் சரிசெய்யும். தேய்ந்துபோன குருத்தெலும்பைப் புதுப்பிக்காது. எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவாக இருப்பவர்கள் சில ஆண்டுகளில் மூட்டு மாற்று அறுவைக்குச் செல்லும் வாய்ப்பு மிக அதிகம். தேய்வின் அளவைக் குறிக்கும் டோனிஸ் வகைப்பாட்டில் இரண்டாம் நிலையையோ அதற்கு மேற்பட்ட நிலையையோ எட்டியவர்களுக்கு இந்த அறுவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

வயது: இளையோருக்குப் பலன் மேம்பட்டதாக இருக்கிறது. நாற்பதைக் கடந்தவர்களில் மூட்டு மாற்றுக்குச் செல்வோர் விகிதம் கூடுகிறது. ஆனால் இதில் பெரும்பங்கு, வயதோடு சேர்ந்து வரும் தேய்வுக்குரியது. தேய்வில்லாத நடுவயதினர் பலர் நல்ல பலன் பெறுகின்றனர்.

கிண்ணத்தின் ஆழம்: கிண்ணம் பந்தை எவ்வளவு மூடியுள்ளது என்பதை எக்ஸ்ரேயில் ஒரு கோணத்தால் அளக்கின்றனர். அது 20 பாகைக்குக் குறைவாக இருந்தால் கிண்ணம் ஆழமற்றது எனப்படும். அத்தகைய மூட்டில் லேப்ரத்தை மட்டும் தைத்தால் அடிப்படைக் குறை அப்படியே இருக்கும். தளர்வு மேலும் கூடவும் கூடும். கிண்ணத்தைச் சுற்றி எலும்பை வெட்டித் திருப்பி அமைக்கும் அறுவையே இவர்களுக்கு ஏற்றது. 20 முதல் 25 பாகை வரையுள்ள எல்லைநிலையில் முடிவெடுப்பது இன்றும் விவாதத்துக்குரியது.

வலியின் காலம்: நெடுங்காலம் வலியோடு வாழ்ந்தபின் அறுவை செய்துகொள்வோர், முன்னதாகச் செய்துகொண்டோர் அளவுக்கு மேம்படுவதில்லை எனப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

உடல்நிலையும் மனநிலையும்: உடல் பருமன், புகைபிடித்தல், அறுவைக்கு முன்பே ஓபியாய்டு வலிநிவாரணிகளைப் பயன்படுத்துதல் ஆகியவை பலனைக் குறைக்கின்றன. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களின் மதிப்பெண்கள் அறுவைக்குப் பின்னும் குறைவாக இருக்கின்றன. வலி பொய்யென்று இதற்குப் பொருளன்று. மூட்டோடு சேர்த்து மனநலத்துக்கும் மருத்துவம் தேவை என்பதே பொருள்.

அறுவையின் முழுமை: மறு அறுவைக்கு வரும் நோயாளிகளிடம் மிக அதிகமாகக் காணப்படும் காரணம், முதல் முறை எலும்புப் புடைப்பு போதிய அளவு நீக்கப்படாமல் விடப்பட்டதே. அளவுக்கு மீறிச் செதுக்குவதும் ஆபத்து. கழுத்தின் முன்பக்கப் பகுதியில் 30 விழுக்காட்டுக்கு மேல் நீக்கினால் எலும்பு முறியும் வாய்ப்பு உயர்வதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. கிண்ண விளிம்பை அதிகம் நீக்கினால் மூட்டு நிலைகுலையும்.

மருத்துவரின் அனுபவம்: இது கற்கக் கடினமான அறுவை. முப்பது அறுவைகளுக்குப் பின் கைபழகிவிடும் என்பது பழைய கருத்து. நியூயார்க் மாநிலப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வோ, 500க்கும் மேற்பட்ட அறுவைகள் செய்த மருத்துவர்களிடமே மறு அறுவை விகிதம் மிகக் குறைவாக இருந்ததாகக் கண்டது.

சிக்கல்கள்

பெரிய சிக்கல்கள் அரிதானவை. மிகுதியாகக் காணப்படுபவை, இழுவிசையாலும் துளைகளாலும் ஏற்படும் நரம்பு மரப்புகள். தொடையின் வெளிப்புறத்திலோ பிறப்புறுப்புப் பகுதியிலோ தோன்றும் இம்மரப்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடும். கருவி நுழையும்போது லேப்ரமோ குருத்தெலும்போ கீறப்படலாம். தசைக்குள் தேவையற்ற எலும்பு வளர்வதும் உண்டு. அதைத் தடுக்கச் சில வாரங்கள் அழற்சி நீக்கி மாத்திரைகள் தரப்படுகின்றன. நோய்த்தொற்று, காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைதல், உப்புநீர் வயிற்றறைக்குள் கசிதல், தொடை எலும்பின் கழுத்து முறிதல் ஆகியவை அரிதாயினும் கவனத்துக்குரியவை.

மறுவாழ்வு

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ பலர் வீடு திரும்புகின்றனர். இரண்டு முதல் மூன்று வாரங்கள் வரை ஊன்றுகோலுடன் நடக்க வேண்டியிருக்கும். குருத்தெலும்புக் குறைபாட்டுக்காக எலும்பில் நுண்துளையிட்டிருந்தால் இக்காலம் ஆறு வாரங்களுக்கு மேலும் நீளும். மூட்டுக்குள் ஒட்டுத் திசுக்கள் படியாதிருக்க, தொடக்கத்திலிருந்தே மென்மையான அசைவுப் பயிற்சிகள் தொடங்குகின்றன. பின்னர்ப் புட்டத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் படிப்படியாக வலுப்படுத்தப்படுகின்றன. ஓடுவதற்கு மூன்று மாதங்களுக்கு மேலும், போட்டி விளையாட்டுகளுக்குத் திரும்ப நான்கு முதல் ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். தரையில் சம்மணமிடுதல், குத்தவைத்தல் போன்ற ஆழ்ந்த மடக்கல்களை மருத்துவரின் அனுமதிக்குப் பின்னரே தொடங்க வேண்டும்.

முடிவுரை

பர்மன் இயலாது என்று கருதிய இடத்தில் இன்று நாள்தோறும் அறுவைகள் நடைபெறுகின்றன. கருவிகள் மேம்பட்டுள்ளன, லேப்ரம் காக்கப்படுகிறது, மூட்டு உறை மூடப்படுகிறது. எனினும் பலனின் பெரும்பகுதி, அறுவை அரங்குக்கு வெளியே, நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஆகவே இந்த அறுவை பரிந்துரைக்கப்பட்டவர்கள் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். என் வலி மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது என்பது எவ்வாறு உறுதியானது? மூட்டு இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? கிண்ணம் போதிய ஆழமுடையதா? முறையான இயன்முறைப் பயிற்சியைப் போதிய காலம் செய்து பார்த்தாயிற்றா? இந்த அறுவையில் தங்களுக்கு எவ்வளவு அனுபவம் உண்டு? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தபின் எடுக்கும் முடிவு, அறுவை செய்துகொள்வதாக இருந்தாலும் தவிர்ப்பதாக இருந்தாலும், நல்ல முடிவாக அமையும் வாய்ப்பு அதிகம்.